கெடுதியா, காவலா? பழைய மரபணு மாற்றங்கள் பற்றி வாசகர் கேள்விகள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் மரபணு தொடர்பானவற்றை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒரு கேள்வியாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: பல்லாயிரம் ஆண்டுப் பழைய மரபணுப் பிழைகள் இன்னும் நம் உடம்பில் இருக்கின்றன என்று படித்தேன். பிழை என்றால் இத்தனை காலத்தில் அது அழிந்திருக்க வேண்டாமா?
— கல்லூரி மாணவி, ஊத்தங்கரை

பதில்: பிழை என்ற சொல்லைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுப் பார்ப்போம். நம் செல்லில் மரபுச் செய்தி இரண்டு பிரதிகளாக இருக்கிறது. அப்பா வழியில் ஒன்று, அம்மா வழியில் ஒன்று. ஒரு பிரதிக்கு ஏறக்குறைய 300 கோடி எழுத்துகள். பெற்றோர் இருவரிடமும் இல்லாத அறுபது, எழுபது புது மாற்றங்களோடுதான் ஒவ்வொரு குழந்தையும் பிறக்கிறது. உங்கள் பாடப்புத்தகத்தில் இதைத்தான் சடுதி மாற்றம் என்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை எந்த வேலையும் இல்லாத இடத்தில் விழுவதால் ஆயுள் முழுக்கத் தெரியாமலே போய்விடும்.

காலக்கணக்குக்கு உங்கள் மாவட்டத்திலேயே ஓர் அளவுகோல் இருக்கிறது. பர்கூர் பக்கம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-ல் அறிவித்தார்கள். இன்றைக்கு 4,200 ஆண்டு. ரத்தச் சிவப்பணுவை வளைக்கும் அரிவாள் செல் (சிக்கிள் செல்) மாற்றம் அதைவிடப் பழையது. சுமார் 7,300 ஆண்டு என்று 2018-ல் வந்த ஒரு கணக்கு சொல்கிறது. இதயத் தசையைப் பாதிக்கும் ஒரு மாற்றம் நம் துணைக்கண்டத்தில் சுமார் 33,000 ஆண்டுகளுக்கு முன் தோன்றியது. நம் முன்னோடிகளின் வாலைப் போக்கிய மாற்றத்துக்கு வயது சுமார் இரண்டரைக் கோடி ஆண்டு.

இவை ஏன் தங்கிவிட்டன? இயற்கைத் தேர்வுக்குத் தெரிவது ஒன்றுதான். பிள்ளை பெற்று வளர்க்கும் வயதுக்குள் அந்த மாற்றம் எத்தனை பேரைச் சாய்த்தது, எத்தனை பேரைக் காத்தது என்பதுதான் அது. ஐம்பது வயதுக்குமேல் வரும் நோய் அதன் கணக்கில் சேராது. இரண்டு பிரதியிலும் இருந்தால் மட்டுமே கெடுக்கும் மாற்றம், ஒற்றைப் பிரதிக்காரர்களிடம் சத்தமில்லாமல் தலைமுறை தலைமுறையாக வரும். அந்த ஒற்றைப் பிரதி ஏதோ ஒரு தொற்றிலிருந்து காப்பாற்றவும் செய்தால், அது பெருகும். அதனால் ஒரு மாற்றத்தைத் தனியாக எடுத்து நல்லது, கெட்டது என்று முத்திரை குத்த முடியாது. எத்தனை பிரதி, எந்த ஊர், எந்த வயது, எந்த மருந்து என்று சேர்த்துக் கேட்டால்தான் பதில் கிடைக்கும்.

கேள்வி: மலைக்கிராம முகாமில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு என் அக்கா மகளுக்கு ‘சிக்கிள் செல் ட்ரெய்ட்’ என்று அட்டையில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வயது 19. மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிட்டோம். அவளுக்கு நோய் இருக்கிறதா? கல்யாணம் செய்யலாமா?
— வாசகி, அரூர் வட்டம்

பதில்: அவளுக்கு நோய் இல்லை. கல்யாணம் தாராளமாகச் செய்யலாம். மாப்பிள்ளையின் ரத்தத்தையும் ஒருமுறை பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் எந்தப் பரிசோதனை என்பதில் பலர் தவறிவிடுகிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

ரத்தத்தின் சிவப்புக்குக் காரணமான ஹீமோகுளோபினில் பீட்டா சங்கிலி என்று ஒரு பகுதி. அதற்கான மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பதால், சங்கிலியின் ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலம் வரவேண்டிய இடத்தில் வாலின் வந்து உட்கார்ந்துவிடுகிறது. இப்படி மாறிய ஹீமோகுளோபின், ஆக்சிஜனை இறக்கிவிட்டவுடன் ஒன்றோடொன்று ஒட்டிக் கம்பி கம்பியாக நீளும். தட்டு போல் வளைந்து கொடுத்துப் போகவேண்டிய சிவப்பணு, உள்ளே கம்பி முட்டுவதால் கதிர் அறுக்கும் அரிவாள் போல வளைந்து விறைக்கும். நுண்ணிய ரத்தக்குழாயில் சிக்கினால் வலி. சீக்கிரம் உடைந்துபோவதால் சோகை. சாதாரணச் சிவப்பணு 120 நாள் இருக்கும். இது 10 முதல் 20 நாள்தான் தாங்கும்.

இவ்வளவும் இரண்டு பிரதியிலும் மாற்றம் இருப்பவர்களுக்கு. உங்கள் அக்கா மகளுக்கு ஒரு பிரதியில்தான் மாற்றம். அவள் ஹீமோகுளோபினில் 40 சதவீதம் போலத்தான் மாறிய வகை. மீதி நல்ல வகை, அது கம்பி கட்ட விடாது. இந்த ஒற்றைப் பிரதிதான் ஒரு காலத்தில் உயிர்காத்தது. மூளையைத் தாக்கும் ஃபால்சிபாரம் மலேரியா கடுமையாவதை இது பத்தில் ஒன்பது பங்கு தடுக்கிறது. ஆப்பிரிக்காவில் இதை முதலில் காட்டியவர் அந்தோணி அலிசன், 1954-ல். இந்தியாவில் இந்த மாற்றம் முதன்முதலில் 1952-ல் நீலகிரிப் பழங்குடியினரிடம்தான் கண்டறியப்பட்டது. காட்டோரம், மலேரியா அதிகம் இருந்த இடங்களில் வாழ்ந்தவர்களிடம் இது மிகுதியாக இருப்பதற்குக் காரணம் இதுவே. மலைமக்களிடம் ஏதோ குறை இருப்பதுபோல யாராவது பேசினால் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

இனி மாப்பிள்ளை. அவருக்கு எதுவும் இல்லையென்றால் பிறக்கும் பிள்ளைகளுக்கு நோய் வராது. பாதி வாய்ப்பில் அம்மாவைப் போல ட்ரெய்ட் வரலாம். அவரும் ட்ரெய்ட் என்றால் ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு நோய் வாய்ப்பு. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, அடுத்த மூன்றுக்கு வராது என்று நினைக்க வேண்டாம்; ஒவ்வொரு முறையும் கணக்கு புதிதாகத் தொடங்கும்.

முகாம்களில் முதலில் செய்வது சால்யுபிலிட்டி டெஸ்ட் என்ற கலங்கல் சோதனை. அது அரிவாள் வகையை மட்டும்தான் காட்டும். மாப்பிள்ளை பீட்டா தலசீமியா (ஹீமோகுளோபின் போதுமான அளவு உருவாகாத பரம்பரை நோய்) கேரியராக, அதாவது ஒற்றைப் பிரதிக்காரராக இருந்தால் அதில் ‘இல்லை’ என்றே வரும். ஆனால் ஒருபக்கம் அரிவாள் செல், மறுபக்கம் தலசீமியா சேர்ந்து பிறக்கும் குழந்தைக்கும் அரிவாள் செல் நோய்தான். ஆகவே மாப்பிள்ளைக்கு, ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. பரிசோதனை கேளுங்கள். 2 மி.லி. ரத்தம் போதும், வெறும் வயிறு தேவையில்லை. அவருக்கு அண்மையில் ரத்தம் ஏற்றியிருந்தால் மூன்று மாதம் கழித்தே எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கொடுத்தவரின் ரத்தம்தான் முடிவில் தெரியும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் கலங்கல் சோதனையை நம்ப வேண்டாம். கருவில் இருந்தபோது உருவான ஹீமோகுளோபின் மறைத்துவிடும்.

அவளுக்கு இரண்டு குறிப்புகள். ட்ரெய்ட் மட்டும் இருந்தால் சோகை வராது. ஹீமோகுளோபின் 9, 10 என்று இருந்தால் அதற்கு இரும்புச்சத்துக் குறைவு போன்ற வேறு காரணம் இருக்கும், அதைப் பார்க்க வேண்டும். ‘எனக்கு சிக்கிள், அதனால்தான் சோகை’ என்று விட்டுவிடக் கூடாது. தண்ணீர் குடிக்காமல் வெயிலில் கடும் ஓட்டம், போலீஸ் தேர்வுப் பயிற்சி போன்றவற்றில் கவனம் வேண்டும். சிறுநீரில் ரத்தம் வந்தால் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டவும்.

நோயே உள்ள பிள்ளைகள் வீட்டில் இருந்தால்: தினமும் ஹைட்ராக்ஸியூரியா, ஃபோலிக் அமிலம், ஐந்து வயது வரை பெனிசிலின், நிமோகாக்கஸ் தடுப்பூசி. காய்ச்சல் 101-ஐத் தாண்டினால் வீட்டில் மாத்திரை கொடுத்து விடியும்வரை காத்திருக்க வேண்டாம், உடனே மருத்துவமனை. இடது விலாவுக்குக் கீழே மண்ணீரல் திடீரென்று வீங்குகிறதா என்று தொட்டுப் பார்க்கத் தாய்க்குச் சொல்லித் தரச் சொல்லுங்கள். இன்னொன்று, இரண்டு பிரதி உள்ளவர்களுக்கு மலேரியாக் காப்பு என்று எதுவும் கிடையாது. மலேரியா வந்தால் அவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம்.

2023 ஜூலையில் தொடங்கிய தேசிய அரிவாள் செல் ஒழிப்புத் திட்டத்தில் தமிழ்நாடும் உண்டு. முகாமில் கொடுத்த அட்டையைப் பத்திரமாக வையுங்கள். ஜாதகத்தோடு அதையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது என்பது எங்கள் உறுதியான கருத்து.

கேள்வி: தம்பிக்கு அக்கா மகளையே பேசி முடித்திருக்கிறோம். எங்கள் அம்மாவுக்கு தலசீமியா மைனர் என்று முன்பே தெரியும். உறவில் கட்டினால் பிள்ளைக்கு வரும் என்கிறார்களே, எவ்வளவு வாய்ப்பு?
— வாசகர், பாலக்கோடு

பதில்: கணக்காகவே பார்க்கலாம். மைனர் என்றால் ஒற்றைப் பிரதி மட்டும் மாறிய கேரியர். உங்கள் அம்மாவிடம் இருக்கும் அந்த ஒற்றைப் பிரதி தம்பிக்கு வந்திருக்க வாய்ப்பு பாதி. அக்காவுக்கு வர பாதி, அக்காவிடமிருந்து அவர் மகளுக்கு வர அதில் பாதி. ஆக, பெண்ணுக்குக் கால் பங்கு. மணமக்கள் இருவரிடமும் இருக்க எட்டில் ஒன்று. அப்படி இருந்து பிள்ளைக்கு இரண்டு பிரதியும் போய்ச்சேர நாலில் ஒன்று. மொத்தம் 32-ல் ஒன்று. தம்பி வெளியில் கட்டினால்? இந்தியாவில் நூற்றுக்கு மூன்று நான்கு பேர் பீட்டா தலசீமியா கேரியர்கள் என்பதால் அது ஏறத்தாழ 200-ல் ஒன்றுக்குக் குறைந்துவிடும். வித்தியாசம் இவ்வளவு.

ஆனால் ஊகத்தில் நிற்கத் தேவையே இல்லை. பெண், மாப்பிள்ளை இருவருக்கும் சி.பி.சி.யும் (ரத்த அணுக்களை எண்ணும் சோதனை) எச்.பி.எல்.சி.யும் எடுத்தால் இந்த நோயைப் பொறுத்தவரை இந்த வாரமே தெரிந்துவிடும். எச்.பி.எல்.சி. தாளில் ஏ2 என்ற ஹீமோகுளோபின் வகையின் அளவைப் பாருங்கள். 3.5 சதவீதத்துக்குக் கீழே என்றால் பொதுவாகக் கேரியர் இல்லை; 4-க்கு மேல் என்றால் கேரியர். இடைப்பட்டு நின்றால் வம்பு. பெண்ணுக்கு இரும்புச்சத்து குறைவாக இருந்தால் ஏ2 அளவு இறங்கி, கேரியரையே சாதாரணம் என்று காட்டிவிடும். அப்படியானால் மூன்று மாதம் இரும்பு மாத்திரை கொடுத்துவிட்டு மறுபடி எடுக்க வேண்டும்.

சி.பி.சி.யிலேயே ஒரு குறிப்பு கிடைக்கும். எம்.சி.வி. (சிவப்பணுவின் சராசரிப் பருமன்) எண்ணை ஆர்.பி.சி. (சிவப்பணு எண்ணிக்கை) எண்ணால் வகுங்கள். எம்.சி.வி. 65, ஆர்.பி.சி. 5.6 என்றால் ஈவு 11.6. இது 13-க்குக் கீழே இருப்பதால் தலசீமியா பக்கம் சாய்கிறது. எம்.சி.வி. 70, ஆர்.பி.சி. 4 என்றால் 17.5; இரும்புக் குறைவாக இருக்கும். இது சந்தேகத்தை எழுப்பத்தான் உதவும், முடிவு சொல்ல எச்.பி.எல்.சி. வேண்டும்.

இருவரும் கேரியர் என்று வந்து, கல்யாணமும் நடந்துவிட்டால், கரு 11 முதல் 13 வாரத்தில் நஞ்சுக்கொடித் திசுவை எடுத்து மரபணு பார்க்க முடியும். அதற்கு முன்பே கணவன் மனைவி இருவரின் மாற்றமும் எது என்று கண்டுபிடித்து வைத்திருக்க வேண்டும். நாலாம் மாதம் வந்து கேட்பவர்களுக்கு இந்தச் சோதனைக்கான காலம் கைவிட்டுப் போயிருக்கும்.

இது தெரிந்த ஒரு நோய்க்கான கணக்கு. அக்கா மகளைக் கட்டும்போது, பிள்ளையின் மரபணு இடங்களில் எட்டில் ஒரு பங்கில் இரண்டு பிரதியும் ஒரே மூதாதையிடமிருந்து வந்ததாக இருக்கும். அத்தை, மாமன் பிள்ளைகளுக்குள் என்றால் பதினாறில் ஒரு பங்கு. ஒற்றையாக இருந்தவரை ஒன்றும் செய்யாத எத்தனையோ பழைய மாற்றங்கள் அங்கேதான் இரட்டையாகின்றன. சொந்தம் விட்டுப்போகக்கூடாது என்ற எண்ணம் எங்களுக்கும் புரிகிறது. ஆனால் குடும்பத்தில் காது கேளாத பிள்ளையோ, சிறுவயதில் காரணம் தெரியாமல் இறந்த பிள்ளையோ இருந்தால், பத்திரிகை அடிக்கும் முன் மரபியல் ஆலோசகரைப் பார்த்தே ஆக வேண்டும்.

கேள்வி: என் அப்பா 52 வயதில் இதயம் வீங்கி இறந்தார். பெரியப்பாவுக்கும் அதே. இந்தியர்களுக்கென்றே ஓர் இதய மரபணுக் கோளாறு இருப்பதாகச் சொல்கிறார்களே?
— தொழிற்சாலை ஊழியர், ஓசூர்

பதில்: இருக்கிறது. இதயத் தசை இழைகளைக் கட்டிப்பிடித்து வைக்கும் ஒரு புரதத்தின் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டுப் போயிருக்கும். 2009-ல் மதுரை காமராசர் பல்கலைக்கழகம், ஹைதராபாத் சி.சி.எம்.பி. (செல், மூலக்கூறு உயிரியல் ஆய்வு மையம்) உள்ளிட்ட இடங்களின் ஆய்வாளர்கள் சேர்ந்து வெளியிட்ட முடிவு இது. தென்னாசியாவில் நூற்றுக்கு நான்கு பேரிடம் இருக்கிறது. 25 எழுத்து போனதால் புரதத்தின் வால்பகுதி மாறி உருவாகிறது. இளவயதில் செல்லே அந்தக் கோணல் புரதத்தைக் கண்டுபிடித்துச் சிதைத்துவிடும். வயது ஏற ஏற அந்தத் துப்புரவு தளர்ந்து, தசை பலவீனப்படுகிறது என்று கருதுகிறார்கள். நோய் பெரும்பாலும் நடுவயதுக்குப் பிறகே தலைகாட்டும். அதற்குள் பிள்ளைகள் பிறந்து, பாதிப் பேருக்கு மாற்றம் போய்ச் சேர்ந்திருக்கும். முதல் கேள்வியில் சொன்ன வயதுக் கணக்கு இதுதான். இதனால் யாருக்கும் நன்மை இருப்பதாகக் கண்டறியப்படவில்லை. இயற்கைத் தேர்வின் கண்ணில் படாததாலேயே 33,000 ஆண்டு ஓடி வந்திருக்கிறது.

பயப்பட வேண்டாம். நூற்றுக்கு நால்வர் என்றால் கோடிக்கணக்கானோர். அவர்களில் பலர் எந்தத் தொல்லையும் இல்லாமல் முதுமையடைகிறார்கள். அதே மரபணுவில் இன்னொரு மாற்றமும் சேர்ந்திருக்கும் சிறு பகுதியினருக்கே ஆபத்து கூடுதல் என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே நேராக மரபணுச் சோதனைக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. உங்கள் குடும்பத்தில் இரண்டு பேர் போயிருப்பதால் நீங்களும் உடன்பிறந்தவர்களும் முதலில் ஈ.சி.ஜி.யும் எக்கோவும் எடுங்கள். அப்பா, பெரியப்பாவின் பழைய எக்கோ தாள் இருந்தால் கொண்டுபோங்கள். ரத்தக்குழாய் அடைப்பால் வந்த வீக்கமா, தசையே கெட்டதா என்பது அதில் தெரியும்; அடைப்பு என்றால் கதை வேறு. எக்கோ சாதாரணம் என்றாலும் அதோடு நிறுத்தக்கூடாது. எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப எடுப்பது என்று இதய மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். மாடி ஏறும்போது முன்பில்லாத மூச்சிரைப்பு, மாலையில் கால் வீக்கம், ஓடும்போது மயக்கம், படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்காருவது ஆகியவை வந்தால் அடுத்த தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். ரத்த அழுத்தம் 140/90-ஐத் தாண்ட விடாதீர்கள். நாளுக்கு 5 கிராம் உப்பு, அதாவது ஒரு சிறு தேக்கரண்டி, ஊறுகாய் அப்பளம் உட்பட. இரவு ஷிப்ட் முடித்துவிட்டுக் குடிப்பது பழக்கமாக இருந்தால் விட்டுவிடுங்கள். மது தானாகவே இதயத் தசையை வீங்க வைக்கும்.

கேள்வி: அறுவை முடிந்தபின் என் தாய்மாமாவுக்குப் பல மணி நேரம் மூச்சு திரும்பவில்லை, இயந்திரத்தில் வைத்திருந்தார்கள். வைசிய சமூகத்தினருக்கு இப்படி வரும் என்றார்கள். எனக்கும் அறுவை இருக்கிறது.
— வாசகி, கிருஷ்ணகிரி

பதில்: அறுவையின்போது தசைகளைத் தளர்த்த சக்சினைல்கோலின் என்ற ஊசி போடுவதுண்டு. ரத்தத்தில் உள்ள ஒரு நொதி அதை உடைத்துவிடுவதால் ஐந்து பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். அந்த நொதியின் இரண்டு பிரதியும் மாறியிருப்பவர்களுக்கு ஊசி மணிக்கணக்கில் நிற்கும். தானாக மூச்சுவிட முடியாது, ஆனால் வென்டிலேட்டரில் வைத்துப் பொறுத்திருந்தால் முழுதாகத் தெளிந்துவிடுவார்கள். ஆரிய வைசியர் நெடுங்காலம் தமக்குள்ளேயே மணம் செய்து வந்ததால், தொடக்க மூதாதையர் சிலரிடம் இருந்த ஒரு மாற்றம் அங்கே மிகுதியாகிவிட்டது. இப்படி ஒவ்வொரு சமூகத்திலும் ஒவ்வொன்று உண்டு. இது கண்டறியப்பட்டுவிட்டது, அவ்வளவுதான். இந்த ஊசி கண்டுபிடிக்கப்படும் வரை இந்த மாற்றம் யாரையும் ஒன்றும் செய்யவில்லை.

மயக்க மருத்துவரிடம் அறுவைக்கு முன்தினமே, உங்கள் வாயால், மாமாவுக்கு நடந்ததைச் சொல்லுங்கள். அவரது டிஸ்சார்ஜ் சம்மரியைக் காட்டுங்கள். அந்த நொதியின் அளவைக் காட்டும் சூடோகோலினெஸ்டரேஸ் என்ற ரத்தச் சோதனை செய்யலாம். சக்சினைல்கோலினையும் மிவாகியூரியத்தையும் தவிர்த்து ரோகுரோனியம் போன்ற வேறு மருந்தில் அறுவையை நடத்தலாம்.

நம் பகுதிக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. தக்காளிக்கும் மாமரத்துக்கும் அடிக்கும் ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்து இதே நொதியைத்தான் முடக்குகிறது. மருந்து அடித்த வாரத்தில் ரத்தம் கொடுத்தால், மரபணு நன்றாக இருந்தாலும் அளவு குறைவாக வரும். கல்லீரல் நோயிலும் கர்ப்பத்திலும் குறையும். தெளிப்பு நிறுத்தி ஆறு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். அப்போதும் குறைவாகவே இருந்தால் மரபணுவைச் சந்தேகிக்கலாம்.

கேள்வி: பிறந்த பேரனுக்கு மஞ்சள் காமாலை. ஜி6பி.டி. குறைபாடு என்றார்கள். மொச்சை, அவரை கொடுக்கவே கூடாதாம். இங்கே அது இல்லாமல் குழம்பு ஏது?
— பாட்டி, காவேரிப்பட்டணம்

பதில்: மொச்சையும் அவரையும் தாராளமாகக் கொடுக்கலாம் அம்மா. தடை சொல்லப்பட்டது ஃபாவா என்ற வேறொரு பயறு. வடக்கே பாக்லா என்பார்கள். பெயர்க் குழப்பத்தில் நம் மொச்சை மாட்டிக்கொண்டது.

ஜி6பி.டி. என்பது சிவப்பணு உடையாமல் காக்கும் ஒரு நொதி; அது குறைவதும் மலேரியாவுக்கு எதிராகக் காத்த பழைய மாற்றம்தான். எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் அம்மா வழியாகப் பையன்களுக்கு வரும். உலகில் 40 கோடிப் பேருக்கு மேல் இருக்கிறது. தவிர்க்க வேண்டியவை: துணிப் பெட்டியில் போடும் நாப்தலீன் உருண்டை (அதில் வைத்த துணியைத் துவைத்து வெயிலில் காயவைத்தபின்தான் குழந்தைக்குப் போட வேண்டும்), மலேரியாவுக்கான பிரைமாகுவின், தொழுநோய்க்கான டாப்சோன், சிறுநீர்த் தொற்றுக்கான நைட்ரோஃபுரான்டாயின். சிறுநீர் தேநீர் நிறத்தில் போனாலோ, குழந்தை வெளிறினாலோ உடனே மருத்துவமனை. ரத்தம் உடைந்துகொண்டிருக்கும் நாட்களில் எடுத்த சோதனை பொய்யாகச் சாதாரணம் என்று வரலாம். பழைய அணுக்கள் உடைந்து புது அணுக்கள் மட்டும் மிஞ்சியிருப்பதே காரணம். மூன்று மாதம் கழித்து மறுபடி எடுங்கள்.

கேள்வி: பால் குடித்தால் வயிறு உப்பி, இரைச்சல் போடுகிறது. மோர் ஒத்துக்கொள்கிறது. மரபணுக் கோளாறா?
— ஆசிரியர், காரிமங்கலம்

பதில்: கோளாறு இல்லை, உங்களுடையதுதான் மனித இனத்தின் பழைய நிலை. பால்சர்க்கரையை உடைக்கும் லாக்டேஸ் என்ற நொதி தாய்ப்பால் காலத்துக்குப் பிறகு குறைவதே வழக்கம். மாடு வளர்த்தவர்களிடையே, லாக்டேஸ் மரபணுவுக்கு 13,910 எழுத்துகள் முன்னால் ஓர் எழுத்து மாறி, அது பெரியவரானபின்னும் அணையாமல் எரிகிறது. 2002-ல் ஃபின்லாந்துக் குடும்பங்களில் கண்டுபிடித்தார்கள். இந்தியாவிலும் அதே மாற்றம்தான். வடமேற்கில் அதிகம், தெற்கிலும் கிழக்கிலும் குறைவு.

200 மி.லி. பாலில் 10 கிராம் போல பால்சர்க்கரை. உங்களைப் போன்றவர்களில் பெரும்பாலோர் சாப்பாட்டோடு சேர்த்தால் ஒருவேளைக்கு 12 கிராம்வரை தாங்குவார்கள். வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் குடிப்பதுதான் தொல்லை. 50 மி.லி. பால் விட்ட காபி ஒன்றும் செய்யாது. தயிர் உறையும்போது பாக்டீரியா கொஞ்சம் சர்க்கரையைத் தின்றுவிடுகிறது, மீதியைக் குடலில் உடைக்கவும் உதவுகிறது. சந்தேகம் தீர இரண்டு வாரம் பால், பால்கோவா, ஐஸ்கிரீம் எல்லாவற்றையும் நிறுத்தி, பிறகு ஒருநாள் ஒரு டம்ளர் குடித்துப் பாருங்கள். கால்சியத்துக்குக் கேழ்வரகு இருக்கிறது: 100 கிராமில் சுமார் 350 மி.கி. களியும் மோரும் உங்களுக்குப் போதுமான சாப்பாடு. எடை குறைவதோ மலத்தில் ரத்தமோ இருந்தால் இது பால் விவகாரம் இல்லை, மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: நியாண்டர்தால் மனிதனிடமிருந்து வந்த மரபணுவால்தான் கொரோனாவில் நம்மவர்கள் அதிகம் பாதிக்கப்பட்டார்களா?
— வாசகர், தேன்கனிக்கோட்டை

பதில்: ஒரு பங்குதான். மூன்றாவது குரோமோசோமில் சுமார் 50,000 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு நியாண்டர்தாலிடமிருந்து வந்தது; அது இருந்தால் கொரோனா கடுமையாகும் வாய்ப்பு கூடுகிறது என்று ஹியூகோ ஸீபெர்க்கும் ஸ்வாந்தே பேபோவும் 2020-ல் காட்டினார்கள். தென்னாசியர்களில் பாதிப்பேரிடம் அது உண்டு, ஐரோப்பாவில் ஆறில் ஒருவரிடம். ஆனால் பன்னிரண்டாம் குரோமோசோமில் வேறொரு நியாண்டர்தால் துண்டு கடுமையைக் குறைக்கிறது. முதலில் சொன்ன அதே துண்டு எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பைக் கால் பங்குக்கும் மேல் குறைப்பதாக 2022-ல் தெரியவந்தது. ஒரே துண்டு ஒரு கிருமிக்குக் கதவைத் திறந்து, இன்னொன்றுக்குச் சாத்துகிறது. எப்படியும் வயதும் சர்க்கரை நோயும் கணக்கில் அதைவிடப் பெரியவை.

கேள்வி: வால் போன மாற்றத்தால் இன்றும் கெடுதி உண்டு என்கிறார்களே?
— மாணவர், பென்னாகரம்

பதில்: 2024-ல் வெளியான எலி ஆய்வில், வாலைக் குறைத்த அதே மாற்றம் சில எலிக்குஞ்சுகளுக்கு முதுகுத்தண்டு மூடாமல் பிறக்கவும் காரணமானது. மனிதக் குழந்தைகளில் இதேபோல் முதுகுத்தண்டு மூடாத ஸ்பைனா பைஃபிடா வருவதற்கு அந்தப் பழைய விலையும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. தடுக்க வழி இருக்கிறது: தண்டு மூடுவது கருத்தரித்து நாலு வாரத்துக்குள், பல பெண்களுக்கு நாள் தள்ளிப்போனதே தெரியாத நேரம். எனவே ஃபோலிக் அமிலம் 400 மைக்ரோகிராம் கருத்தரிக்க ஒரு மாதம் முன்பே தொடங்க வேண்டும். முந்தைய பிள்ளைக்கு இந்தக் குறை இருந்திருந்தால் அளவு பத்து மடங்கு. அதை மருத்துவர் எழுதித் தர வேண்டும்.

கேள்வி: எங்கள் ஊரில் பாதிப்பேருக்குப் பல் காவி. பரம்பரை என்று பெண் கொடுக்க யோசிக்கிறார்கள். மரபணுவா?
— வாசகி, பென்னாகரம் வட்டம்

பதில்: மரபணு இல்லை, தண்ணீர். நம் பாறையிலிருந்து ஃபுளோரைடு கரைந்து போர்வெல்லில் வருகிறது. லிட்டருக்கு 1 மி.கி. வரை ஏற்கத்தக்கது, வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை. அதற்கு மேல் போனால், எனாமல் உருவாகும் வயதில், அதாவது எட்டு வயதுக்குள் குடித்த பிள்ளைகளின் பல்லில் குறுக்குக் கோடுகளாகக் கறை படியும். அம்மாவுக்கும் மகளுக்கும் கறை இருப்பது இருவரும் ஒரே குழாயில் குடித்ததால். அதே குடும்பத்தில் வெளியூரில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளின் பல்லைப் பாருங்கள், வெள்ளையாக இருக்கும். உண்மையில் பரம்பரை எனாமல் குறை என்றால் பால்பற்களும் சேர்ந்து கெட்டிருக்கும், ஊர் மாறினாலும் வரும்.

காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் சுண்டுவதால் செறிவு ஏறும். 2013 முதல் வரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரைக் குடிக்க மட்டும் பிடித்துவிட்டு, களி கிண்டவும் சோறு வடிக்கவும் போர்வெல் தண்ணீரையே எடுக்கும் வீடுகள் இருக்கின்றன. அந்த ஃபுளோரைடு சோற்றோடு உள்ளே போகும். கர்ப்பிணியும் எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் உள்ள வீட்டில் சமையலுக்கும் ஒகேனக்கல் குழாய்த் தண்ணீர்தான். குழாய் வராத நாளுக்கு இரண்டு குடம் சேர்த்துப் பிடித்து வையுங்கள். போர்வெல் தண்ணீர் துவைக்கவும் மாட்டுக்கொட்டகை கழுவவும் போதும்.